ஓரம் அடித்த கிழிசல்

வெள்ளம் மூன்று நாளில் வடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த குழந்தைகள் துயர்துடைப்பு மன்றம் மட்டும் ஏழு மாதமாகியும் வடியவில்லை. ஆற்றை ஒட்டிய நான்கு தெருக்களை வெள்ளம் எடுத்துக்கொண்டது என்றால், மிச்சமிருந்த பள்ளிக்கூடத்தை மன்றம் எடுத்துக்கொண்டது. வகுப்பறைகளில் வீடிழந்த குடும்பங்கள், தலைமையாசிரியர் அறையில் மன்றத்தின் அலுவலகம். வகுப்பறைகளில் மின்விசிறி கிடையாது. அலுவலகத்தில் இரண்டு சுழன்றன, ஒன்று செயலாளருக்கு, இன்னொன்று படிவங்கள் நமத்துப்போகாமல் இருப்பதற்கு.

தையல்காரரின் குடும்பம் மூன்றாம் வகுப்பு அறையில் ஜன்னலோரம் குடியிருந்தது. மூன்று பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டால் வீடு. அவர், அவர் மனைவி, ஐந்து வயது மகள், மூன்று பேரும் உயிரோடு, கை கால் முழுசாக வந்து சேர்ந்திருந்தார்கள். அது எவ்வளவு பெரிய குறை என்பது அவருக்கு அப்போது தெரியாது.

மகளைத் தெருவில் எல்லாரும் சிமிட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். பிறவியிலேயே அவளுக்குக் காது கேட்காது. யாராவது பேசினால் புரியாமல் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்ப்பாள், அதில் ஒட்டிக்கொண்ட பெயர். அவளுக்கு மூன்று வயதானபோது தையல்காரர் தன்னிடம் இருந்த இரண்டு தையல் மெஷின்களில் ஒன்றை விற்று ஒரு காது மெஷின் வாங்கி மாட்டிவிட்டார். மாட்டிய நான்காம் மாதம் குழந்தை பேச ஆரம்பித்தது. முதல் வார்த்தை 'அப்பா'. இரண்டாவது வார்த்தை 'வேணாம்'. பேச்சுப் பயிற்சி கொடுத்த டீச்சர் சொன்னபடி, புதிதாக ஒரு வார்த்தை வந்தால் மனைவி அதை ஒரு நோட்டில் எழுதி வைப்பாள். வெள்ளம் வந்த அன்று நோட்டில் அறுபத்து மூன்று வார்த்தைகள் இருந்தன.

தண்ணீர் வாசற்படி ஏறியதும் தையல்காரர் செய்த முதல் காரியம், மகளின் காதிலிருந்து மெஷினைக் கழற்றியது. நனைந்தால் கெட்டுவிடும் என்று டீச்சர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அதைப் பஞ்சில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, ரப்பர் பேண்டு கட்டி, வீட்டிலேயே உயரமான இடம் என்று பரண்மேல் வைத்தார். மெஷின் ஒரு சொட்டுக்கூட நனைந்திருக்காது என்று அவர் இன்றைக்கும் சத்தியம் செய்வார். பரண் இருந்த சுவர்தான் காணாமல் போய்விட்டது. மிச்சமிருந்த ஒற்றைத் தையல் மெஷினும் அந்தச் சுவரோடு போயிற்று. இதைப்பற்றி மனைவி அவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

பெரிய ஆஸ்பத்திரியில் காதுப் பிரிவு கீழ்த்தளத்தில் இருந்ததால் முழுக்க மூழ்கிப்போய், ஆறு மாதத்துக்குத் திறக்காது என்று பலகை தொங்கவிட்டிருந்தார்கள். டீச்சருக்குப் போன் போட்டால் அவர் நேரடியாகவே சொல்லிவிட்டார்: "எப்படியாவது சீக்கிரம் ஒண்ணு மாட்டுங்க. கேக்கறது நின்னா பேசினதும் ஒண்ணொண்ணாப் போயிடும். இந்த வயசுல ரொம்ப வேகமாப் போகும்."

இந்த நிலைமையில்தான் பதினோராம் நாள் மன்றம் வந்து இறங்கியது. ஆறு வண்டி, நாற்பது பேர், நுழைவாயிலில் கட்ட ஒரு பதாகை. 'ஒரு குழந்தைகூட அழக்கூடாது' என்று பதாகையில் எழுதியிருந்தது. தையல்காரர் அதைப் படித்துவிட்டு, இவ்வளவு நல்லவர்களும் உலகத்தில் இருக்கிறார்களே என்று நெஞ்சு நெகிழ்ந்து வரிசையில் முதல் ஆளாகப் போய் நின்றார்.

பதிவு மேஜையில் இருந்த குமாஸ்தா அம்மாள் கெட்டவள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 'துயர மதிப்பீட்டுப் படிவம்' என்று ஒன்றை எடுத்து, நாக்கில் விரலைத் தொட்டுப் புரட்டி, அன்பாகத்தான் ஆரம்பித்தாள்.

"சொல்லுங்கண்ணே. குழந்தையோட அப்பா அம்மால யாரு போயிட்டாங்க?"

"ரெண்டு பேரும் இருக்கோம்மா."

குமாஸ்தாவின் முகம் வாடியது. "ரெண்டு பேருமா?"

"ஆமாம்மா."

"தாத்தா, பாட்டி, கூடப்பொறந்தது, யாராவது?"

"அவங்கள்லாம் முன்னாடியே போயிட்டாங்க. இவ ஒரே பொண்ணு."

"வளர்த்த ஆடு, நாய், கோழி? கோழிக்குக்கூட அரை மார்க் இருக்கு."

"இல்லம்மா."

"என்னண்ணே, ஒண்ணுமே இல்லாம வந்து நிக்கிறீங்க," என்று அவள் நிஜமாகவே வருத்தப்பட்டாள். பத்துக்கு நான்கு வாங்கினால்தான் அடுத்த மேஜைக்கு அனுப்பமுடியும். பக்கத்து வரிசையில் ஒரு பையன் அப்பாவும் போய் மாடும் போய் எட்டரை வாங்கியிருந்தான், அவனை எல்லாரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தையல்காரர் காது மெஷினைப் பற்றிச் சொன்னார். குமாஸ்தாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. "அப்ப கடைசிப் பத்தியில போட்டுடலாம். 'குழந்தை தன் துயரத்தைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டும்.' இதுக்கு நாலு மார்க்." அவள் குனிந்து சிமிட்டியின் கன்னத்தைத் தொட்டு, "பாப்பா, உனக்கு என்னம்மா கஷ்டம்? ஆன்ட்டிகிட்ட சொல்லு," என்றாள்.

சிமிட்டி கண்ணைச் சிமிட்டினாள்.

"அவளுக்குக் கேக்காதும்மா. அதுதான் சொல்றேன்."

"நீங்க சொல்லக்கூடாதுண்ணே. குழந்தைதான் சொல்லணும். பெரியவங்க சொல்லிக்குடுத்துடறாங்கன்னு போன வெள்ளத்துல புகார்." அவள் இரண்டாம் முறை கேட்டாள். மூன்றாம் முறையும் கேட்டாள், விதிப்படி மூன்று முறை. சிமிட்டிக்கு அந்த அம்மாளின் மூக்குத்தி பிடித்துப்போய் லேசாகச் சிரித்தாள். குமாஸ்தா பெருமூச்சு விட்டு எழுதினாள்: 'குழந்தைக்குத் துயரம் எதுவும் இல்லை. சிரித்த முகம்.'

துயரம் இல்லாத குழந்தைகளுக்கும் வெறுங்கை இல்லை, புன்னகைப் பை உண்டு. பதினான்கு பொருள்கள். சோப்பு, சீப்பு, வண்ணப் பென்சில், துண்டு, ஒரு பலூன் என்று போய், பதினான்காவதாக அழுத்தினால் பாட்டுப் பாடுகிற பொம்மை. ஏதோ ஒரு பொம்மைக் கம்பெனியில் விற்காமல் கிடந்த சரக்கு. அறையில் இருந்த மற்றக் குழந்தைகள் எல்லாம் அழுத்தி அழுத்தி, இரண்டு நாளில் பெரியவர்களுக்கு அந்தப் பாட்டின் பேரில் கொலைவெறி வந்துவிட்டது. சிமிட்டி மட்டும் பொம்மையைக் கன்னத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு அதன் வயிறு அதிர்வதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தன் காதைத் தொட்டுக் காட்டி, அப்பாவிடம் கையை நீட்டினாள். மெஷினைக் கொடு என்று அர்த்தம். கழற்றி வாங்கிக்கொண்டவர் அவர்தானே.

அந்த வாரம் மனைவி நோட்டை எடுத்து, 'மாமா', 'ஜன்னல்', 'பூனை' என்று மூன்று வார்த்தைகளின்மேல் கோடு போட்டாள். பேனாவால் போடவில்லை, பென்சிலால். "மறுபடி வந்தா அழிச்சுக்கலாம்ல," என்றாள்.

ஒன்றரை மாதம் அலைந்த பிறகு தையல்காரருக்குச் செயலாளரைப் பார்க்க அனுமதி கிடைத்தது. செயலாளர் உள்ளபடியே இளகிய மனசுக்காரர், அவரே அதை அடிக்கடி சொல்வார். மேஜைமேல் கைக்குட்டைகள் அடுக்கி வைத்திருந்தார். தையல்காரர் கதையைச் சொல்லச் சொல்ல அவர் ஒன்றை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உட்காருங்க. இல்ல, நாற்காலி இல்ல, நில்லுங்க. ஒரு குழந்தை கஷ்டப்படறதைக் கண்ணால பார்த்தா எனக்குச் சோறு இறங்காது. அதனாலதான் சாப்பிட்டுட்டுத்தான் முகாமுக்கே வருவேன். சரி, குழந்தைக்கு எப்பலேர்ந்து காது கேக்கல?"

"பொறந்ததுலேர்ந்தே சார்."

"அப்ப வெள்ளத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லையே."

"மெஷின் வெள்ளத்துலதான் சார் போச்சு."

"பாருங்க டெய்லரே, நிதானமாக் கேளுங்க. வெள்ளத்துல குழந்தைக்கு என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல. வெள்ளத்துல பாதிக்கப்பட்டது யாரு? மெஷின். நாங்க குழந்தைகளுக்குத்தானே மன்றம் வெச்சிருக்கோம், மெஷினுக்கா வெச்சிருக்கோம்?"

தையல்காரருக்கு இதில் எங்கே தப்பு என்று பிடிபடவில்லை. துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் தையல் எங்கே பிரிந்திருக்கிறது என்று தெரியாத மாதிரி இருந்தது. "அவ பேச்சு போயிட்டு இருக்கு சார்," என்று மட்டும் சொன்னார். "அறுபத்து மூணு வார்த்தை இருந்துச்சு. இப்ப முப்பத்தொண்ணுதான் இருக்கு."

"முப்பத்தொண்ணா! என் பேரனுக்கு அவ்வளவு வராது," என்றார் செயலாளர் ஆறுதலாக.

அதோடு கதை முடிந்திருக்கும். அந்த நேரம் பார்த்து மன்றத்தின் படக்காரர் கேமராவைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். வாசலில் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்ற சிமிட்டியை எட்டிப் பார்த்தார். குனிந்து பார்த்தார், பக்கவாட்டில் போய்ப் பார்த்தார். "சார், கண்ணைப் பாருங்க சார். இந்தக் கண்ணுக்காகவே நாலு பேர் அள்ளிக் குடுப்பாங்க. செவி வழங்கும் விழாவுக்கு இத்தனை நாளா ஆள் தேடிட்டு இருக்கோமே," என்றார்.

செயலாளர் அப்போதுதான் கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டுக் குழந்தையை நன்றாகப் பார்த்தார். பார்த்ததும் நாற்காலி வந்தது, டீ வந்தது. மன்றத்தில் 'செவி வழங்கும் திட்டம்' என்று தனியாகவே ஒன்று இருப்பதும், அதற்கென்று ஒரு மெஷின் தயாராக இருப்பதும், பெரும் தொழிலதிபர் ஒருவர் தம் கையாலேயே அதைக் குழந்தையின் காதில் மாட்டச் சம்மதித்திருப்பதும் தையல்காரருக்குச் சொல்லப்பட்டன. மன்றத்தில் இது ஒரு வழக்கம். எந்தப் பொருளும் மேடையில், கொடுப்பவர் கையிலிருந்து வாங்குபவர் கைக்குப் போகும்போது படம் எடுக்கப்பட வேண்டும். படம் இல்லாமல் ஒரு சோப்புக்கூடக் கிடங்கை விட்டு நகராது.

"மெஷின் இப்ப எங்க சார் இருக்கு?" என்று தையல்காரர் கேட்டார்.

செயலாளர் பீரோவைத் திறந்து ஒரு சின்ன நீலப் பெட்டியைக் காட்டினார். பஞ்சுமேல் மெஷின் படுத்திருந்தது. காதுக்குப் பின்னால் மாட்டுகிற வகை, எந்தக் காதுக்கும் பொருந்துகிற ரப்பர் முனை. மகளுக்கும் அதற்கும் நடுவில் நான்கு எட்டு தூரம். வாசலில் இருந்து சிமிட்டியும் அதைப் பார்த்துவிட்டாள். ஓடிவந்து கையை நீட்டினாள். செயலாளர் சிரித்துக்கொண்டே பெட்டியை மூடிப் பூட்டினார். "ஆசையைப் பாருங்க! இந்த ஆசை விழா வரைக்கும் அப்படியே இருக்கணும்."

விழாவுக்கு வேலைகள் இருந்தன. மேடைத் திரை, பெட்டிமேல் போர்த்த ஒரு பட்டுத் துணி, எல்லாவற்றையும் தைக்க நம்மாளுக்கே உத்தரவாயிற்று. மன்றத்தின் தையல் மெஷினில் உட்கார்ந்து காலை மிதித்தபோது, வெள்ளத்துக்குப் பிறகு முதல் தடவையாக மனிதர் வாய்க்குள் பாட்டு முணுமுணுத்தார். பட்டுத் துணிக்கு யாரும் கேட்காமலே ஓரத்தில் சின்னச் சின்னப் பூ வைத்துத் தைத்தார். மகளின் மெஷினைப் போர்த்தப் போகிற துணியாயிற்றே.

பிறகு படக்காரர் வந்து சட்டையைப் பற்றிப் பேசினார். விழாவுக்கு முன், விழாவுக்குப் பின் என்று இரண்டு படம் வேண்டும். 'பின்' படத்துக்குப் புதுச் சட்டை மன்றமே தரும். 'முன்' படத்துக்குத்தான் சிக்கல்.

"உங்க வீட்டம்மா குழந்தையை ரொம்பச் சுத்தமா வெச்சிருக்காங்க. இப்படி இருந்தா எவன் நம்புவான்? ஒரு சட்டையைக் கொஞ்சம் கிழிச்சுக்கொண்டு வாங்க. தோள்ல ஒண்ணு, கீழ ஒண்ணு."

இருபத்திரண்டு வருஷமாகக் கிழிந்ததைத் தைத்துக் கொடுத்த மனிதர், தைத்ததைக் கிழிக்க உட்கார்ந்தார். அது அவர் கையாலேயே தைத்த சட்டை. வெள்ளத்தன்று அவள் உடம்பில் இருந்து தப்பியது அது ஒன்றுதான். மனைவி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "கிழிங்க," என்றாள். "மெஷின் வந்தா நூறு சட்டை தெச்சுக்கலாம்." கத்தரிக்கோலை வைத்தார், கிழித்தார், கண்ணில் தண்ணீர் முட்டியது. கையோ பழக்கதோஷத்தில் தன்பாட்டுக்கு வேலை செய்தது. கிழிசல் மேலே ஓடாமல் இருக்க இரண்டு பக்கமும் மடித்து ஓரம் அடித்துவிட்டார்.

மறுநாள் படக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "கிழிசலுக்கு ஓரம் அடிச்சிருக்கீங்களேய்யா! உலகத்துல எந்த ஏழை இப்படி நேர்த்தியாக் கிழிஞ்சிருக்கான்? பிரிங்க, எல்லாத்தையும் பிரிங்க!" பிரித்தார். நூல் தொங்க வேண்டும் என்றார், தொங்கவிட்டார். கன்னத்தில் சேறு வேண்டும் என்றார். ஊரில் சேறு காய்ந்து ஒரு மாதமாகியிருந்ததால் ஒருவரை வண்டியில் அனுப்பி ஆற்றிலிருந்து ஒரு வாளி கொண்டுவந்தார்கள்.

தொழிலதிபருக்கு வெளிநாடு போகவேண்டி வந்து விழா ஒரு முறை தள்ளிப்போயிற்று. அவருக்குச் சளி பிடித்து இன்னொரு முறை தள்ளிப்போயிற்று. மூன்றாம் முறை மேடைக்குப் பின்னணித் துணியின் நிறம் அவருடைய கம்பெனி நிறத்தோடு ஒத்துப்போகவில்லை. ஒவ்வொரு முறையும் சிமிட்டிக்குச் சேறு பூசி, கழுவி, பெட்டியைக் கண்ணில் காட்டாமலே திரும்பக் கூட்டிவந்தார்கள். ஒவ்வொரு முறையும் தையல்காரர் போய், "படம் பின்னாடி எடுத்துக்குங்க சார், மெஷினை மட்டும் இப்பவே குடுத்துடுங்க," என்று கெஞ்சினார்.

"இப்பவே குடுத்துட்டா குழந்தைக்கு மேடையில என்ன ஆச்சரியம் இருக்கும்? அந்தச் சந்தோஷத்தை அவகிட்டேயிருந்து பிடுங்கச் சொல்றீங்களா?" என்று செயலாளர் கோபித்துக்கொண்டார்.

நான்காம் மாதக் கடைசியில் நோட்டில் கோடு விழாத வார்த்தைகள் நான்கு இருந்தன. 'அப்பா' அதில் இல்லை. பதினைந்து நாளாக அவள் அவரை 'ப்' என்றுதான் கூப்பிட்டாள், பிறகு அதுவும் இல்லாமல் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

ஒருவழியாக விழா நடந்தது. காலையிலேயே குமாஸ்தா அம்மாள் ஒரு தாளை நீட்டினாள். 'காது மெஷின் ஒன்று நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்.' அப்புறம் கூட்டத்தில் கையெழுத்து வாங்க முடியாதாம். தையல்காரர் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்.

வரவேற்புரை முக்கால் மணி நேரம். பிறகு தொழிலதிபர் மைக்கைப் பிடித்தார். "அன்பார்ந்த குழந்தைகளே! இந்த வெள்ளம் மட்டும் வரலைன்னா, எங்க மனசுக்குள்ள இவ்வளவு அன்பு இருக்கறது எங்களுக்கே தெரிஞ்சிருக்காது. அதுக்காக உங்களுக்கு நான் நன்றி சொல்லணும். நீங்க கொஞ்சமா இழந்தீங்க, நாங்க நிறையக் குடுத்தோம். இனிமேலும் எத்தனை வெள்ளம் வந்தாலும் நாங்க இருக்கோம், பயப்படாம இருங்க!" செயலாளர் முதல் வரிசையில் இருந்து கைதட்டினார். எல்லாரும் தட்டினார்கள். மேடையில் நின்ற சிமிட்டி அவர்களைப் பார்த்துத் தானும் தட்டினாள்.

பட்டுத் துணி விலகியது. தொழிலதிபர் மெஷினை எடுத்துக் குழந்தையின் காதில் வைத்தார். தலைகீழாக வைத்தார். தையல்காரர் பாய்ந்துபோய் நேராக்கி, ரப்பர் முனையை உள்ளே பொருத்தி, பின்பக்கத்தில் இருந்த சின்னத் திருகைத் திருப்பினார்.

சிமிட்டி தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தாள். மைக் கீச்சிட்டது, அந்தப் பக்கம் திரும்பினாள். ஒரு நாற்காலி இழுபட்டது, இந்தப் பக்கம் திரும்பினாள். தையல்காரர் அவள் முன்னால் குனிந்தார். "பாப்பா," என்றார். அவள் அவரைப் பார்த்தாள். சிமிட்டவில்லை. "அப்பா," என்றாள். முழுசாக, மூன்று எழுத்தும் கெட்டியாக ஒட்டிக்கொண்டு வந்தது அந்த வார்த்தை. மைக் பக்கத்தில் இருந்ததால் பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்டது. கீழே மனைவி புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

"சூப்பர்! ஐயா முகத்தைக் கை மறைச்சிடுச்சு, இன்னொரு தடவை!" என்றார் படக்காரர். இன்னொரு தடவையும் எடுத்தார்கள். அதற்குள் தொழிலதிபருக்கு நேரமாகிவிட்டது.

மேடைக்குப் பின்னால் மன்றத்து ஆள் ஒருவர் வந்து, சிமிட்டியின் காதிலிருந்து மெஷினைப் பக்குவமாக எடுத்து நீலப் பெட்டிக்குள் வைத்தார்.

"என்னங்க பண்றீங்க?" என்றார் தையல்காரர்.

"இது விழாவுக்கு வெச்சிருக்கற மாதிரி மெஷின்ணே. நாளைக்குப் பக்கத்து முகாம்ல விழா இருக்கு." அவர் பெட்டியை மூடப் போனவர், மறுபடி மெஷினை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அவருக்கு முகம் வெளிறிப்போயிற்று. "ஐயையோ, பேட்டரி இருக்கே!"

சிமிட்டி பெட்டியைப் பிடித்துக்கொண்டு "அப்பா, அப்பா" என்று கத்தினாள். அவள் கத்துவது அவளுக்கே கேட்கவில்லை. அவள் விரல்களைப் பிரித்து எடுத்ததும் பெட்டி வண்டியில் ஏறிப் போனது.

மூன்றாம் நாள் செயலாளரைப் பார்த்தபோது அவர் கைக்குட்டைகளைத் தொடவே இல்லை. "ஒரே மெஷின்ல இதுவரைக்கும் நூத்துப் பதினெட்டுக் குழந்தைங்க பயனடைஞ்சிருக்காங்க. அதை உங்க ஒருத்தர் குழந்தைக்கே தூக்கிக் குடுத்துட்டா மத்த குழந்தைங்களுக்கு அநியாயம் இல்லையா? நீங்களும் ஒரு தகப்பன்தானே?"

"அவளுக்குக் கேட்டுச்சே சார். நாலு நிமிஷம் கேட்டுச்சு."

"அதைத்தான் விசாரிக்கப் போறோம்," என்றார் செயலாளர் கடுமையாக.

விசாரணை நான்காம் வகுப்பு அறையில், மூன்று பேர் கொண்ட குழுவின் முன்னிலையில் நடந்தது. விழா மெஷினில் பேட்டரி இருக்கக்கூடாது என்பது விதி. இருந்தால் குழந்தை கேட்டுவிடும், கேட்டுவிட்டால் திரும்ப வாங்கும்போது அழும், 'ஒரு குழந்தைகூட அழக்கூடாது' என்பது மன்றத்தின் அடிப்படைக் கொள்கை. பேட்டரியைக் கழற்ற மறந்தவர் யார்? தையல்காரரைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள்.

"குழந்தைக்குக் கேட்டதுன்னு நீங்க எப்படிச் சொல்றீங்க?"

"அப்பான்னு கூப்பிட்டா சார்."

"தகப்பனைக் குழந்தை அப்பான்னு கூப்பிடறது வழக்கம்தானே? இதுல பேட்டரிக்கு என்ன வேலை?"

"அதுக்கு முன்னாடி ஒரு மாசமாக் கூப்பிடல சார். மெஷின் போன மறுநாள்லேர்ந்தும் கூப்பிடல. அந்த மெஷினை..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. மெஷின் உங்களுக்குக் கிடைக்கலைன்னு வெளியில பேசறீங்களாமே. இது யாரு கையெழுத்து?"

விழா அன்று காலையில் போட்ட கையெழுத்து. தையல்காரர் அதைப் பார்த்தார்.

"வாங்காமயே வாங்கினேன்னு எழுதிக் குடுத்தீங்களா? குழந்தை பேரை வெச்சுப் பொய்யா?" மூன்று பேரும் வேதனையோடு தலையை ஆட்டிக்கொண்டார்கள். கடைசியில் குழு தீர்ப்பு எழுதியது. குற்றம் யாருடையது என்று தெரியவில்லை. இனி இப்படி நடக்காமல் இருக்க மெஷினின் பேட்டரி மூடியைப் பசை வைத்து நிரந்தரமாக ஒட்டிவிட வேண்டும்.

மனைவி விழா அன்று சாயங்காலமே ரப்பரை எடுத்து 'அப்பா'மேல் இருந்த பென்சில் கோட்டை அழித்திருந்தாள். பத்து நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு மறுபடி கோடு போட்டாள். பென்சிலால்தான் போட்டாள், ஆனால் அழுத்திப் போட்டதில் தாள் கிழிந்துவிட்டது.

ஏழாம் மாதம் பெரிய ஆஸ்பத்திரியில் காதுப் பிரிவைத் திறந்தார்கள். வெள்ளத்தில் மெஷின் தொலைத்த குழந்தைகளுக்கு அரசாங்கமே புதிது தருகிறது, இலவசம், படம் எல்லாம் எடுப்பதில்லை என்று டீச்சர் போன் செய்து சொன்னார். மூன்று பேரும் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனார்கள். சிமிட்டியிடம் அப்போது ஒரு வார்த்தையும் மிச்சம் இல்லை. டாக்டர் காதைப் பார்த்து, "இன்னும் லேட்டாகல. ஆனா உடனே மாட்டணும்," என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். சீட்டை வாங்கிக்கொண்டு படி இறங்கும்போது தையல்காரர் மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

மெஷின் கொடுக்கும் ஜன்னலில் ஒரு குமாஸ்தா இருந்தார். சீட்டைப் பார்த்தார், கம்ப்யூட்டரில் தட்டினார், மறுபடி தட்டினார்.

"உங்க பொண்ணுக்கு ஏற்கெனவே குடுத்தாச்சேங்க. மன்றத்துல வாங்கியிருக்கீங்க, நீங்க கையெழுத்துப் போட்ட ரசீது இங்க வந்திருக்கு. ஒரு குழந்தைக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒண்ணுதான்."

"வாங்கலைங்க. மேடையில மாட்டிட்டு எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"எடுத்துட்டுப் போயிட்டாங்களா? நல்லாருக்கே கதை." குமாஸ்தா கோபப்படவில்லை, சிரித்தார். எழுந்து, ஜன்னலுக்கு வெளியே பெஞ்சுக்கு மேலே மாட்டியிருந்த காலண்டரைக் கைகாட்டினார். "அது உங்க பொண்ணுதானே?"

மன்றம் அச்சடித்து ஊர் முழுக்கக் கொடுத்த காலண்டர். பெரிய கண்ணை விரித்துக்கொண்டு சிமிட்டி சிரித்தாள், காதில் மெஷின் பளபளத்தது. கீழே 'இனி இவளுக்கு எல்லாம் கேட்கும்' என்று கொட்டை எழுத்து. ஓரத்தில், தையல்காரர் தைத்த பட்டுத் துணியும் பூவும் தெரிந்தன.

மனைவி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, அந்தப் படம் பொய்யா. ஒரு தடவை குழந்தையைக் கூப்பிட்டுப் பாருங்கய்யா," என்றாள். "அடுத்தவங்க வரட்டும்மா," என்றார் குமாஸ்தா.

அதற்குள் சிமிட்டி பெஞ்சுமேல் ஏறிக் காலண்டருக்கு நேராக நின்றுகொண்டிருந்தாள். படத்தில் இருந்த பெண்ணை வெகுநேரம் பார்த்தாள். பிறகு தன் காதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அந்தப் பெண்ணின் காதிலிருந்து மெஷினை நகத்தால் சுரண்டி எடுக்கப் பார்த்தாள். தாள் லேசாகக் கிழிந்தது.

"ஏ பாப்பா, காலண்டரைக் கிழிக்காதே!" என்று குமாஸ்தா உள்ளேயிருந்து சத்தம் போட்டார். இரண்டாம் முறையும் சத்தம் போட்டார். சிமிட்டி திரும்பவில்லை, சுரண்டிக்கொண்டே இருந்தாள்.